போன வருசத்துத் தண்ணி

கதிரவெளியில் பூமணி அக்காவின் மரமுந்திரிகைத் தோட்டத்தில் நின்றபோதுதான் எனக்கு அது முதன்முதலில் உறைத்தது. தை மாதம் முடியப்போகும் நேரம். மரமெல்லாம் பூ. பூவைச் சுற்றி ஒரே தேனீ இரைச்சல். மழை ஓய்ந்து, வெயில் ஏறி, மணல் காய்ந்து கிடந்தது. அக்கா ஒரு கிளையைத் தன் பக்கம் வளைத்துக் காட்டி, "இந்த முறை மரம் தாங்காது புள்ள, முட்டுக் குடுக்கத்தான் வேணும்" என்றார். அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதியை நான் அதற்கு முதல் கண்டதில்லை. எப்படிப்பட்ட வருடம் இது என்று கேட்டேன். நல்ல வருடம் என்றார், யோசிக்காமல்.

முதல்நாள்தான் நான் படுவான்கரையில் நின்றிருந்தேன். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, தண்ணீரின் விளிம்பு வரை வயல்கள் இறங்கிக் கிடக்கும் பக்கம் அது. மார்கழி வெள்ளம் வடிந்த பிறகு அங்கே எஞ்சியது கறுத்த தாளும் அழுகல் மணமும்தான். அங்கே யாரிடமும் இது எப்படிப்பட்ட வருடம் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

திரும்பி வரும் வழியில் பனிச்சங்கேணிப் பாலத்தில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினேன். எனக்குப் பொறுமை குறைவு, யோசிக்க வேண்டுமென்றால் எங்கே நின்றாலும் அங்கேயே யோசித்தாக வேண்டும். நேற்று கண்டதும் இன்று கண்டதும் இரண்டு செய்திகள் அல்ல, ஒரே செய்தி. ஐப்பசியிலிருந்து மார்கழி வரை கொட்டித் தீர்த்துவிட்டு, தையில் வானம் கையை விரித்துவிட்டது. முன்பாதியின் கொட்டல் நெல்லைக் கொன்றது. பின்பாதியின் காய்ச்சல் மரமுந்திரிகைப் பூவைக் காப்பாற்றியது. நாங்கள் வருடத்தை நல்லது கெட்டது என்று முழுசாக எடைபோடுகிறோம். வருடத்துக்கு இரண்டு பாதி. எந்தப் பாதிக்குப் பாரம் கூடும் என்பதில் எங்கோ தூரத்துக் கடல் ஒன்றுக்குக் கை இருக்கிறது.

இதை இப்போது எழுதக் காரணம், நான் இளைப்பாறிவிட்டேன். முப்பத்து மூன்று வயதில். வாவிக்கரைப் பயிர்களை அவதானிக்கும் திட்டத்தில் கள உத்தியோகத்தராக இருந்தேன், திட்டம் முடிந்தது, வேலையும் முடிந்தது. மாலை போட்டார்கள், சுவர்க்கடிகாரம் தந்தார்கள், ஆளுக்கொரு பேச்சுப் பேசினார்கள். அன்றிலிருந்து நண்பர்கள் என்னை "இளைப்பாறிய மிஸ்" என்றுதான் கூப்பிடுகிறார்கள். சிரிக்கலாம், பிழையில்லை. ஆனால் விவசாயம் படிக்கும் என் கனிஷ்டர்கள் சிலர் தங்கள் மலருக்கு ஒரு கட்டுரை கேட்டு வந்தபோது, அவர்களில் ஒருத்தி கேட்டதற்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. "அக்கா, இனி எல்லாம் செய்மதிப் படத்தில வருதுதானே. வயலுக்குப் போகத்தான் வேணுமா?"

அவளுக்கு அன்றைக்கு நான் சரியான பதில் சொல்லவில்லை. இது அந்தப் பதில்.

படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மண் படித்தேன், புள்ளிவிபரம் படித்தேன், பசிபிக் சமுத்திரத்தின் மேற்பரப்பு சில வருடங்களுக்கு ஒருமுறை சூடாகும், அது எல் நினோ, குளிரும், அது லா நினா என்று பரீட்சைக்குப் பாடமாக்கினேன். எங்கள் பக்கத்துச் சமுத்திரத்துக்கும் அதேபோல் சொந்தமாக ஓர் ஊசலாட்டம் உண்டு என்பதையும். முதல் வகுப்பில் சித்தியடைந்தேன். வாவியின் தண்ணீர் எந்த மாதத்தில் உப்பு, எந்த மாதத்தில் சப்பை என்பது தெரியாமலே சித்தியடைந்தேன்.

திட்டத்தின் பொறுப்பாளர் யோகநாதன் சேர். அவரைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். வயலுக்கு வந்தால் முதலில் சப்பாத்தைக் கழற்றுவார். காலுறைகளை மடித்துச் சைக்கிள் கைபிடியில் கொழுவுவார். காற்சட்டையை முழங்கால் வரை, இரண்டு பக்கமும் ஒரே அளவுக்கு மடிப்பார். நாங்கள் வரம்பில் பாதித் தூரம் போன பிறகும் அவர் மடித்துக்கொண்டு நிற்பார். எந்த அறிக்கையைக் கொடுத்தாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். "எங்க நிண்டு பார்த்த நீங்க, பிள்ளை?" வீதியிலிருந்து பார்த்தேன் என்றால் மேற்கொண்டு வாசிக்கமாட்டார். கோபிக்கவும் மாட்டார். தாளைத் திருப்பித் தந்துவிட்டுத் தேத்தண்ணீரைக் குடிப்பார், அவ்வளவுதான்.

இரண்டாவது பழக்கம்தான் எனக்கு எரிச்சலூட்டியது. நான் "நிச்சயமாக" என்று எழுதிய இடத்திலெல்லாம் அதை வெட்டி, மேலே "அநேகமாக" என்று எழுதுவார். "உறுதி" என்ற சொல்லுக்கும் அதே கதி. அவரோடு வேலை செய்த காலத்தில் அவர் வாயிலிருந்து ஒருமுறைகூட நிச்சயம் என்ற சொல் வந்து நான் கேட்டதில்லை. மதியச் சாப்பாடு வருமா என்று கேட்டாலும் அநேகமாக வரும் என்பார்.

எங்கள் வேலை இதுதான். மாதாமாதம் தோணியில் வாவியின் தெற்குத் தலைப்பிலிருந்து வடக்கே முகத்துவாரம் வரை வருவோம். தெற்கில் தண்ணீர் இனிப்பு. அங்கே அல்லியும் சம்புப் புல்லும் மிதக்கும் ஆற்றுவாழையும் அடைத்துக் கிடக்கும். வடக்கே வர வர அவை குறைந்து உவர்நீரில் நிற்கும் கண்டல் மரங்கள் தொடங்கும். இடையில் ஓரிடத்தில் ஆற்றுவாழையின் இலைகள் ஓரத்தில் தீய்ந்தது போலப் பழுப்பாகும். அந்த இடத்தில் தோணியை நிறுத்துவோம். போத்தலில் தண்ணீர் அள்ளி, உவர்மானியில் ஒரு சொட்டு விட்டு, வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்ப்போம். கருவி சொல்வதும் இலை சொல்வதும் அநேகமாக (பார்த்தீர்களா, தொற்றிவிட்டது) ஒன்றாகவே இருக்கும். அந்த இடத்துக்கு நான் உப்புக்கோடு என்று பெயர் வைத்தேன். அது ஓரிடத்தில் நிற்காது. மழை நல்லாய் இறங்கிய மாதங்களில் வடக்கே தள்ளிப்போகும். மழை குறைந்த மாதங்களில் தெற்கே ஏறிவந்து, கரையோர வயல்களின் வடிகால்களுக்குள் மூக்கை நுழைக்கும்.

வயலில் செய்வது வேறு. ஒரு நெற்பயிரைப் பிடுங்கி, அடித்தண்டை நகத்தால் பிளந்து, உள்ளே கதிர் எவ்வளவு உயரத்துக்கு வந்திருக்கிறது என்று பார்ப்போம். வெளியே புல் மாதிரி நிற்கும். உள்ளே வெள்ளை நூல் போல ஒரு கதிர் ஒளிந்திருக்கும். அது பருத்து மேலே வரும் காலத்தைக் குடலைப் பருவம் என்பார்கள். இளம்பயிர் சில நாள் தண்ணீருக்குள் அமிழ்ந்து கிடந்தாலும் தலை நிமிர்த்தும். குடலையில் நிற்கும் பயிருக்கு வேரில் உப்புப் பட்டால், பச்சையாகவே நிற்கும், கதிரும் வெளியே தள்ளும், உள்ளே அரிசி இருக்காது. வெளியே நின்று பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. மேலேயிருந்து படமெடுக்கும் செய்மதிக்கும் தெரியாது.

பாலத்தில் எனக்கு வந்த யோசனையைச் சேரிடம் கொண்டுபோனேன். அவர் அதை ஒதுக்கவில்லை. இருவரும் பழைய மழைப் பதிவுகளை எடுத்துப் பார்த்தோம். இந்திய டிவியில் எல் நினோ என்றதும் வறட்சி என்கிறார்கள், அங்கே தென்மேற்கு மழை பிழைப்பதால் அது சரி. கிழக்கே, இந்தோனேசியாப் பக்கத் தீவுகளிலும் நிலம் காயும். ஆனால் எங்கள் கரைக்கு அது வேறு முகம் காட்டுகிறது. பசிபிக் சூடான வருடங்களில் எங்களுக்கு மாரியின் முன்பாதி பெருக்கும், தைக்குப் பிறகு காயும். மலையகத்தில் தேயிலை பயிரிடும் என் சிநேகிதி ஒருத்தி, அதே மாதங்களில் கொழுந்து வாடிக் கிடக்கிறது என்று குறைபடுவாள். பசிபிக் குளிர்ந்த வருடங்களில் தலைகீழ். முன்பாதி மெலிவு, பின்பாதியில் பிந்திய மழை. ஒரே கடல்தான், எவருடைய பயிர் எந்த மாதத்தில் என்ன வயதில் நிற்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அது நன்மையா தீமையா. சேர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எல்லா வருசமும் இல்ல" என்றார். எல்லா வருடமும் இல்லை, ஆனால் அநேகமாக. அந்தச் சொல்லோடு சண்டை பிடித்துக்கொண்டே மாரியில் நெல் விதைக்கும் அடுத்த பெரும்போகத்துக்குள் நுழைந்தேன்.

அந்தப் போகம்தான் என் சிறிய உத்தியோக வாழ்க்கையின் பெரிய சோதனை.

மட்டக்களப்புக்குப் புதியவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். வாவி கடலைச் சந்திக்கும் முகத்துவாரம் கோடையில் மணலால் மூடிக்கொள்ளும். மாரியில் வாவி பெருகும்போது அந்த மணல்திட்டை வெட்டிவிடுவது இங்குள்ள வழக்கம். வெட்டினால் தண்ணீர் கடலுக்கு ஓடும், தாழ்ந்த வயல்கள் தப்பும். எப்போது வெட்டுவது என்பதில்தான் பிரச்சினை. வயல்காரர் சீக்கிரம் என்பார்கள், வாவியில் மீன் பிடிப்பவர்கள் பொறுங்கள் என்பார்கள். கொஞ்சமாக வெட்டிப் பார்ப்போம் என்பதற்கு இடமில்லை. ஒரு முழ அகலம் திறந்தால் போதும், மீதியை ஓட்டமே அகட்டிவிடும். வெட்டினால் வெட்டியதுதான்.

முந்திய மாரியில் வெட்டப் பிந்திப்போய்த்தான் படுவான்கரை அழுகியது. அதில் மோசமாக அடிபட்டது மாசிலாமணி அண்ணனின் வட்டை. வட்டை என்றால் ஒரே வேலிக்குள், ஒரே வாய்க்காலில் கிடக்கும் வயற்பரப்பு. அதற்கு ஒரு விதானை இருப்பார். எப்போது விதைப்பது, எப்போது மாடுகளை வெளியேற்றுவது, யார் வேலியை யார் அடைப்பது எல்லாம் அவர் பொறுப்பு. மாசிலாமணி அண்ணன்தான் அந்த வட்டை விதானை. நாற்பத்தைந்து வயதிருக்கும். வாய் ஓயாது. என்னைக் கண்டால், "மிஸ் வந்திட்டா, இனி மழைக்கு லீவு" என்பார். ஆனால் அந்த வெள்ளத்துக்குப் பிறகு அவர் பகிடி விடுவது குறைந்திருந்தது. வட்டையில் எல்லாரும் அவர் சொன்ன நாளில் விதைத்தவர்கள். அவருடைய பயிர் மட்டும் அழுகியிருந்தால் அவர் தாங்கியிருப்பார். இன்னொரு போகமும் போனால் தாழ்ந்த வயல்களைக் கைவிட்டுவிட்டு வெளிநாட்டுக்குப் போவதாக வட்டையில் இளையவர்கள் பேசிக்கொண்டார்கள். விதானைக்கு வேலி இருக்கும், அடைக்க ஆள் இருக்காது.

இந்தப் போகத்தில் பசிபிக் குளிர்ந்திருந்தது. ஐப்பசி மெலிவாகவே போனது. உப்புக்கோடு வழமையை விடத் தெற்கே நின்றது. கார்த்திகை கடைசியில் திடீரென்று வங்கக் கடலில் ஒரு தாழமுக்கம். சில நாட்கள் வானம் உடைந்து ஊற்றியது. வாவி மளமளவென்று ஏறி, மாசிலாமணி அண்ணனின் இளம்பயிரின் கழுத்தைத் தொட்டது.

புளியந்தீவில் ஒரு மண்டபத்தில் கூட்டம். வயல்காரர் ஒரு பக்கம், மீனவர் ஒரு பக்கம். மீனவர் சங்கச் செயலாளர் ஜெயந்தி அக்கா முன் வரிசையில் இருந்தார். கணவனோடு சரிசமமாகத் தோணி வலிப்பவர், இறால் வலை போடுபவர். அவர் எழும்பி, "வெட்டினா உங்கட தண்ணி மட்டும் போகாது, எங்கட பருத்த இறாலும் சேர்ந்து போகும். இன்னும் கொஞ்ச நாள் பொறுத்தா என்ன?" என்றார். பின்வரிசையிலிருந்து ஒருவர், "இறாலுக்கு நீந்தத் தெரியும் கா, நெல்லுக்குத் தெரியாது" என்றார். மண்டபம் சிரித்தது. ஜெயந்தி அக்காவும் சிரித்தார், ஆனால் உட்காரவில்லை.

பிறகு எங்களைக் கேட்டார்கள். எனக்குச் சொல்வதற்கு எல்லாம் தயாராக இருந்தது. இது முன்பாதி மெலியும் வருடம். இந்தத் தாழமுக்கத்தின் தண்ணீர்தான் மார்கழி முழுவதற்கும் எங்களுக்குக் கிடைக்கப்போகும் நல்ல தண்ணீர். இதைக் கடலுக்கு விட்டால் வாவி தாழும், உப்பு ஏறும், அது வயலை எட்டும் நேரம் பயிர் குடலையில் நிற்கும். பயிர் இன்னும் சில நாள் அமிழ்ந்து கிடந்தாலும் பிழைக்கும், பொறுக்க வேண்டும். ஆனால் பேச எழும்பியவர் யோகநாதன் சேர். நான் சொல்ல இருந்த அத்தனையையும் அவர் சொன்னார், என்னைவிடத் தெளிவாக. கடைசியில் சொன்னார்:

"அநேகமா இனி மார்கழியில பெரிசா மழை இராது. அநேகமா."

மாசிலாமணி அண்ணன் எழும்பினார். சத்தம் போடவில்லை. "சேர், போன வருசம் என்ட வட்டை அழுகினது அநேகமா இல்ல. முழுசா. உங்கட அநேகமா பிழைச்சா நான் ஆரிட்டப் போய் என்ன கேக்கிற?"

சேர் நாற்காலியில் இருந்துவிட்டார். மண்டபத்தில் யாருக்கும் கண்ணுக்குள் நின்றது பசிபிக் அல்ல, போன மார்கழி. வெட்டுவதென்று முடிவானது. அந்த முடிவில் யாரையும் குற்றம் சொல்ல நான் இதை எழுதவில்லை. அவர்களுடைய இடத்தில் நின்றிருந்தால் நானும் கை உயர்த்தியிருக்கலாம்.

மறுநாள் காலை மண் அள்ளும் பெக்கோ இயந்திரம் மணல்திட்டில் ஏறியது. நான் போய்ப் பார்த்தேன். முதலில் ஒரு வாய்க்கால் அளவு. பழுப்புத் தண்ணீர் தயங்கித் தயங்கிக் கடலைத் தொட்டது. பிறகு கரைகள் பொல பொலவென்று இடிந்தன, சனம் பின்னால் ஓடியது, மத்தியானத்துக்குள் அது ஓர் ஆறு. ஆற்றுவாழைக் கொத்துகள் பூவோடு சேர்ந்து கடலுக்குப் போயின. வட்டைக்காரர் ஒருவரையொருவர் தோளில் தட்டிக்கொண்டார்கள். மாசிலாமணி அண்ணன் என்னைப் பார்த்து, நீண்ட நாளைக்குப் பிறகு, "மிஸ், மழைக்கு இனி மெய்யா லீவு குடுங்க" என்றார்.

மழை லீவு எடுத்தது. வானம் நீலமாகி, அப்படியே நின்றுவிட்டது. வாவி தாழ்ந்தது, பிறகு மெல்லக் கடலோடு சேர்ந்து மூச்சுவிடத் தொடங்கியது, ஏறும், இறங்கும். நான் ஒவ்வொரு முறை தோணியில் போனபோதும் உப்புக்கோடு தெற்கே நகர்ந்திருந்தது. கடைசியில் ஆற்றுவாழை தீய்ந்திருந்த இடம் வட்டையின் பெரிய வடிகாலின் வாய்க்கு எதிரே. கரையில் இறங்கி ஒரு பயிரைப் பிடுங்கி நகத்தால் பிளந்தேன். கதிர் நடுத்தண்டைத் தாண்டியிருந்தது. குடலை.

சேருக்குப் போன் செய்தேன். எங்கே நின்று பார்த்தேன் என்று அவர் கேட்கும் முன்னமே சொன்னேன். அவர் உடனே, "வடிகாலை அடைக்கச் சொல்லுங்க. நானும் வாறன்" என்றார்.

வடிகாலை அடைப்பதென்றால் மண்மூட்டை வேண்டும். வட்டை மண் சேறு, மூட்டைக்குள் நிற்காது. மணல் எதிர்க்கரையில் இருக்கிறது, எழுவான்கரையில். கொண்டுவரத் தோணிகள் வேண்டும். தோணி வைத்திருப்பவர்கள் கூட்டத்தில் தோற்றவர்கள். மாசிலாமணி அண்ணனுக்கு அவர்களிடம் கேட்க வாய் வரவில்லை. நான் ஜெயந்தி அக்காவுக்குப் போன் எடுத்தேன். விசயத்தைச் சொன்னேன். "இறாலும் போச்சு, இனி நெல்லும் போகப்போகுதாக்கும்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். நான் நம்பிக்கையை விட்டுவிட்டேன். பகல் ஏறும்போது வாவியில் வரிசையாகத் தோணிகள் வந்தன, மணல்மூட்டை ஏற்றி, விளிம்பு தண்ணீரைத் தொடுமளவு பாரத்தில். முன் தோணியில் ஜெயந்தி அக்கா நின்று வலித்துக்கொண்டு வந்தார்.

கரையில் இறங்கியதும் அவர் மாசிலாமணி அண்ணனிடம் சொன்னது ஒன்றுதான். "விதானையார், நீந்தத் தெரியாத நெல்ல எங்க வச்சிருக்கீங்க? காட்டுங்க."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு மூட்டையைத் தோளில் வாங்கினார்.

அன்று முழுக்க இடுப்பளவு தண்ணீரில் நின்று அடைத்தோம். யோகநாதன் சேர் வந்து, வழமைபோல் சப்பாத்தைக் கழற்றி, காலுறையை மடித்து, காற்சட்டையை அளந்து மடித்தார். அந்த அவசரத்திலும். பிறகு நேரே நடு வடிகாலின் கழுத்தளவு தண்ணீருக்குள் இறங்கினார். மடித்தது எதற்கு என்று யாரோ கேட்டார்கள், அவர் அடுத்த மூட்டைக்குக் கையை நீட்டினார். அணை நின்றது. ஆனால் உப்பு அதற்கு முதலே வடிகாலின் தாழ்ந்த பாதிக்குள் போய்விட்டிருந்தது.

மேல்பாதி வட்டை விளைந்தது. அதுவும் நிம்மதியாக வீட்டுக்கு வரவில்லை. அறுப்பு நேரம், தை மாசிக்குள், பிந்திய மழை பிடித்துக்கொண்டது. சேரும் நானும் பழைய பதிவுகளில் கண்டதுபோல. கதிர்கள் நனைந்து சாய்ந்தன. கதிரவெளியிலிருந்து பூமணி அக்கா போன் எடுத்தார். பூவெல்லாம் மழையில் கறுத்துப்போய்க் கொட்டுகிறது, மரத்துக்கு என்ன வருத்தம் என்று பார்க்க என்னை வரட்டாம். மரத்துக்கு ஒரு வருத்தமும் இல்லை அக்கா, இந்த வருடத்தின் பின்பாதி உங்களுடையது அல்ல என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் கணித்தது அப்படியே நடந்துகொண்டிருந்தது. அதில் எனக்குத் துளியும் சந்தோசம் இருக்கவில்லை.

மழை விட்ட ஒரு நாள் மாசிலாமணி அண்ணன் என்னைத் தாழ்ந்த பாதிக்குக் கூட்டிக்கொண்டு போனார். பயிர் இடுப்பளவு உயரம், கதிரெல்லாம் நேராக நின்றன. பாரம் இருந்தால் குனிந்திருக்கும். அவர் ஒரு கதிரை உருவி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக் கசக்கி, ஊதினார். கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. எல்லாம் சப்பி, அரிசியில்லாத வெறும் உமி, காற்றோடு போயிற்று. இன்னொரு கதிரை எடுத்தார், அதுவும் அப்படியே. மூன்றாவதை எடுக்கவில்லை.

"போன வருசத்துத் தண்ணிக்கு இந்த வருசம் வெட்டிட்டம், மிஸ்" என்றார்.

எனக்குள் கூட்டத்து நாளிலிருந்து கிடந்து புளித்த கேள்வி வெளியே வந்துவிட்டது. சேர் அநேகமாக என்று சொல்லாமல், உறுதியாக, அடித்துச் சொல்லியிருந்தால் நீங்கள் பொறுத்திருப்பீர்களா என்று கேட்டேன். ஓம் என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொன்னால் சேரிடம் போய்ச் சண்டை பிடிக்கலாம் என்றும்.

அவர் வரம்பில் குந்தினார்.

"இல்ல. அடிச்சுச் சொல்லுற ஆக்கள் எங்களுக்குக் கனபேர் இரிக்காங்க. மருந்துக் கடைக்காரன் அடிச்சுச் சொல்லுறான், விதைநெல்லு விக்கிறவன் அடிச்சுச் சொல்லுறான். சேர் சொன்னது உண்மைதான் எண்டு அண்டைக்கே விளங்கினது." கையில் ஒட்டிய உமியைத் தட்டினார். "ஆனா அந்த அநேகமாவுக்கு வெளிய மிச்சம் ஒண்டு இரிக்கே. அந்த மிச்சம் வந்தா என்ட வெள்ளாமைக்கு என்ன செய்யிற எண்டு சேரும் சொல்லல்ல, நீங்களும் சொல்லல்ல. அத நாங்கதானே தனியத் தூக்கவேணும். தூக்க ஏலாம வெட்டினம்."

நான் என்ன படித்திருந்தாலும், எத்தனை பதிவுகளைப் புரட்டியிருந்தாலும், கூட்டத்தில் எங்களிடம் இல்லாதிருந்தது அந்த ஒன்றுதான். அநேகமாக என்ற சொல் பிழையில்லை. அதைச் சொல்லிவிட்டு நாங்கள் நாற்காலியில் இருந்துவிட்டோம், அதுதான் குறை. எந்த வருடம் எப்படிச் சாயும் என்று சொல்பவர், சாயாவிட்டால் என்ன என்பதையும் மண்மூட்டையைப் போலக் கையில் வைத்துக்கொண்டு பேச வேண்டும்.

திட்டம் அதோடு முடிந்தது. பிரியாவிடையில் எல்லாரும் பேசினார்கள், யோகநாதன் சேர் மட்டும் பேசவில்லை. வெளியே வந்து மோட்டார் சைக்கிளில் ஏறும்போது பக்கத்தில் வந்து, "உப்புக்கோடு இப்ப எங்க நிக்குது?" என்று கேட்டார். சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போனார்.

வேலை இல்லாவிட்டாலும் கால் நிற்கவில்லை. இந்தக் கோடை முழுவதும் மாசிலாமணி அண்ணனோடு வட்டையில் திரிகிறேன். மூன்று விடயம் பேசி முடித்திருக்கிறோம். வடிகாலின் வாயில் இரண்டு பக்கமும் மணல்மூட்டைகள் இப்போதே அடுக்கி வைப்பது, முகத்துவாரம் வெட்டிய அன்றே அடைக்க. தாழ்ந்த விளிம்பு வயல்களில் மட்டும் உவரைத் தாங்கும் நெல்லினத்தை விதைப்பது, ஆனால் விதைக்கும் நாள் முழு வட்டைக்கும் ஒன்றாகவே இருக்கும், வேலியும் மாடும் குழம்பக் கூடாது என்பதில் விதானை விட்டுக்கொடுக்கமாட்டார். மூன்றாவது, வாவிக்குள் ஒரு கம்பு. அதில் இரண்டு கோடு. கடல் சூடான வருடத்தில் தண்ணீர் கீழ்க்கோட்டைத் தொட்டால் வெட்டுவது, குளிர்ந்த வருடத்தில் மேல்கோடு வரை பொறுப்பது. கோட்டை நான் கீறப்போவதில்லை. கரையில் இருப்பவர்களும் தோணியில் இருப்பவர்களும் சேர்ந்து நின்று கீற வேண்டும்.

பசிபிக் திரும்பவும் சூடாகிறது என்கிறார்கள். அப்படியென்றால் வருகிற மாரியில் சீக்கிரம் வெட்டுங்கள் என்று சொல்லப்போகிறவள் நான்தான். மாசிலாமணி அண்ணனுக்கு அது இனிப்பான செய்தி. அந்த அநேகமா பிழைத்து மழை வராமல் போனால் அவருடைய மிச்சத்துக்கு மூட்டை இருக்கிறது, உவர்நெல் இருக்கிறது. ஜெயந்தி அக்காவின் மிச்சத்துக்கு? பருவம் முந்தி வெட்டி, இறாலும் போய், மழையும் வராவிட்டால் அவர் கையில் என்ன இருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். என்னிடம் ஒன்றும் இல்லை. நெல்லின் தண்டைப் பிளந்து பார்க்கத் தெரிந்த எனக்கு இறால் எந்த மாதத்தில் எந்த அளவில் எந்தச் சம்புக் காட்டுக்குள் நிற்கும் என்று தெரியாது.

கம்பைக் காட்டியபோது அவர் அதைத் தட்டிப் பார்த்தார். நல்ல கம்பு என்றார். கோடு எங்கே கீறலாம் என்று கேட்டேன்.

"கீறலாம் மிஸ். எப்பயும் எங்கட வாவிய நீங்க கரையில நிண்டு, இல்லாட்டி உங்கட பெரிய தோணியில நிண்டுதான் பார்த்த. முதல் என்ட தோணியில ஏறுங்க. மறுகா கோட்டப் பத்திக் கதைப்பம்."

இதை யோகநாதன் சேருக்குச் சொன்னால் சிரிப்பார், அநேகமாக. கம்பு இப்போது ஜெயந்தி அக்காவின் வீட்டு வேலியில் சாத்தியிருக்கிறது, கோடு இல்லாமல். திங்கட்கிழமை விடிய அவருடைய வலையோடு நானும் போகிறேன். மாரி தொடங்க முதல் எத்தனை தடவை போக முடியுமோ அத்தனை தடவையும்.